பெரினா வீட்டு விரிப்பு

எங்கள் ஊரில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் அவருடைய கைவண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். தீவில் கார் கிடையாது. சிமெண்ட் மூட்டை, எரிவாயு உருளை, கல்யாணக் கேக், கால் சுளுக்கிய மாமியார், சவப்பெட்டி எல்லாமே இரண்டு சக்கரக் கைவண்டியில்தான் போகும். வண்டியின் பின்பலகையில் குடும்பப் பெயரைப் பெயிண்டில் எழுதி வைப்பார்கள். பெரினா அத்தையின் பச்சை வண்டியில் மட்டும் பெயர் இருக்காது. "என் வண்டிய தெரியாதவன் இந்த ஊருக்கு எதுக்கு வர்றான்?" என்பார்.

அத்தை எனக்குச் சொந்தமில்லை, பக்கத்து வீடு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஊர் ஒரு மேட்டின் இரு சரிவிலும் வழிந்து கிடக்கிறது; மேட்டின் உச்சியில் அத்தையின் வீடு. அவர் வீட்டு மாடியில் மட்டும்தான் மேற்குப் பக்கம் ஒரு பால்கனியும் கிழக்குப் பக்கம் ஒரு பால்கனியும் உண்டு. இரண்டிலிருந்தும் கடல் தெரியும். அவர் பேர் பெற்றது அதனால்தான்.

ஊருக்குத் துறைகளும் இரண்டு. வாடைக்காற்று அடித்தால் கப்பல் மேற்குத் துறைக்கு வரும். மேல்காற்று அடித்தால் கிழக்குத் துறைக்கு. இரண்டும் கலந்து அடிக்கிற நாளில் வடமுனை திரும்பும்வரை கேப்டனுக்கே தெரியாது. ஒரு துறையிலிருந்து மேடேறி இறங்கி மற்றத் துறைக்குப் போக, பையில்லாமல் வேகமாக நடந்தாலே பன்னிரண்டு நிமிஷம். கப்பல் நிற்பது நான்கு நிமிஷம். தப்பான துறையில் நின்றவன் கப்பலின் பின்புறத்தைத்தான் பார்ப்பான்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அத்தை பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். காலையில் சன்னல்களைத் திறக்கும்போது இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் பார்ப்பார். ஒருநாள் டீச்சர் தெருவில் நின்று, "இன்னிக்கு எந்தப் பக்கம் பெரினா?" என்று கேட்டார். அத்தை சொன்னது சரியாக இருந்தது. அடுத்த வாரம் மூன்று பேர் கேட்டார்கள். மாதம் முடிவதற்குள் விடியற்காலையில் அரை ஊர் அவர் வீட்டுக்குக் கீழே நின்று கத்தத் தொடங்கியது. தொல்லை தாங்காமல் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துப் பால்கனிக் கம்பியில் போட்டார். மேற்கில் தொங்கினால் மேற்குத் துறை, கிழக்கில் தொங்கினால் கிழக்குத் துறை. மேற்குச் சரிவுக்காரர்கள் மேற்குப் பால்கனியைப் பார்ப்பார்கள். கிழக்குச் சரிவுக்காரர்கள் கிழக்குப் பால்கனியை. விரிப்பு தங்கள் பக்கம் இல்லையென்றால் மேடேறி அந்தப் பக்கம் போவார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

பதினாலு வருஷத்தில் இரண்டே தடவை தவறியது. இரண்டு தேதியையும் அத்தை மனப்பாடமாகச் சொல்வார். கப்பல் போகும்வரை அந்த வீட்டில் துணி உலர்த்தக் கூடாது. கோடையில் மாடி அறையை வாடகைக்கு எடுக்கிற விருந்தாளிகளுக்குச் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே அதைத்தான் சொல்வார்.

அவருடைய கணவர் யெர்கோ சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலைக்காரர். எட்டு மாதம் கடல், நான்கு மாதம் வீடு. உலகத்தில் பாதித் துறைமுகம் பார்த்தவர். அத்தை பிரசவத்துக்கும் பல் பிடுங்கவும் எதிர்க்கரையில் ஸாதர் நகரத்துக்குப் போனதைத் தவிர எங்கேயும் போனதில்லை. யாராவது அதைச் சொல்லிக் கேலி செய்தால், "இந்த மேட்ட நான் ஏறி எறங்கின தூரத்த நீட்டிப் போட்டா அவரு கப்பலு பின்னாடி நிக்கும்" என்பார். கோடையில் விருந்தாளிகளின் பெட்டிகளைத் தன் பச்சை வண்டியில் ஏற்றித் தள்ளுவார். அறுபதைத் தாண்டியும் தள்ளினார். பெட்டிக்குச் சொந்தக்காரர்கள் வெட்கப்பட்டு ஒரு கை கொடுக்க வந்தால் திட்டுவார்.

யெர்கோ மாமா நான்கு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்று வந்தார். இந்த ஜூனில், படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தார். ஹெலிகாப்டரில் போனவர் ஆறு வாரம் கழித்து ஆம்புலன்ஸ் படகில் திரும்பினார். வலது பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: "சரி." பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி, வேண்டாம் என்பதற்கும் சரி. எந்தச் சரி எது என்று அத்தைக்குத் தெரியும். கேட்பதெல்லாம் அவருக்குப் புரிந்தது. அதுதான் கொடுமை.

ஏழு வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் செப்டம்பரில் ஊர் திரும்பினேன். காலையில் மாமாவைத் தூக்கி உட்கார வைக்க அத்தைக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன்.

நவம்பர் தொடக்கத்தில் கடிதம் வந்தது. ஸாதருக்கு வெளியே பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மருத்துவமனை ஒன்றில் மாமாவுக்கு ஒரு படுக்கை கிடைத்திருந்தது. பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நண்பகலுக்குள் வந்து சேர வேண்டும், வராவிட்டால் படுக்கை வரிசையில் அடுத்தவருக்குப் போகும். முதல் ஆறு மாதத்துக்குள் பயிற்சி கொடுத்தால் நடக்க வாய்ப்பு இருக்கிறது, பிறகு சொல்ல முடியாது என்று டாக்டர் ஜூலையிலேயே சொல்லியிருந்தார். அத்தை விரல் விட்டு எண்ணினார். ஐந்து மாதமும் சில நாளும்.

ஆம்புலன்ஸ் படகைக் கேட்டுப் பார்த்தோம். போனில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அவசரம்னா உடனே வருவோம்மா. இது அட்மிஷன். அவசரத்துல சேராது."

"எப்ப அவசரம்?" என்றார் அத்தை.

"மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, அந்த மாதிரி."

"அதுக்குக் கொஞ்சம் காத்திருக்கணும் போல" என்று சொல்லிவிட்டு அத்தை போனை வைத்தார்.

குளிர்காலக் கப்பல் பயணிகளுக்கான சின்ன விரைவுக் கப்பல். ஏறும் பலகை குறுகல், அதன் முடிவில் மூன்று படி. சக்கர நாற்காலி உருண்டு போகாது. ஆளோடு தூக்க நான்கு பேர் வேண்டும். அத்தை காபிக்கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். தச்சர் பேப்போவும் தபால்காரர் துங்கோவும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"நாலு பேர் வேணும்" என்றார் அத்தை. "யெர்கோவ கப்பல்ல ஏத்தணும்."

"நான் ஒருத்தனே ரெண்டு பேரு" என்றார் பேப்போ. அது உண்மை.

"அவன் ரெண்டு பேரு, நான் அரை ஆளு" என்றார் துங்கோ. "பேக்கரில ரெண்டு பசங்க இருக்கானுங்க, கூட்டிட்டு வர்றோம். எந்தத் துறை?"

"காத்து என்னைக் கேட்டுட்டா அடிக்குது? காலைல விரிப்பப் பாருங்க."

"சரி அக்கா. விரிப்பப் பாத்து வந்துர்றோம்."

வேறெந்த ஊரிலாவது நேரமும் இடமும் எழுதி வாங்கியிருப்பார்கள். எங்களுக்கு அது போதும்.

பதினெட்டாம் தேதி காலை ஆறு மணிக்குச் சுவரில் மூன்று தட்டு கேட்டது. போனேன். மாமா படுக்கையை நனைத்திருந்தார். அது புதிதல்ல. ஜூலையிலிருந்து வாரத்துக்கு மூன்று நான்கு நாள் நடந்தது. ஆனால் ஊரில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அத்தை எப்போதும் கப்பல் போன பிறகு துவைத்து, மற்றத் துணிகளுக்கு நடுவே உலர்த்துவார். நாற்பது வருஷம் இயந்திரம் ஓட்டிய ஆள். சீட்டாடிய கூட்டாளிகள் பார்க்க வந்தால் மாமாவுக்குச் சட்டை மாற்றி, தலைவாரி, சன்னலோரம் உட்கார வைத்த பிறகுதான் கதவு திறக்கும்.

அன்றைக்கு நேரமில்லை. மாமாவைத் துடைத்து, புது உள்ளாடை போட்டு, பெட்டியை மூடி, மருந்துகளை எடுத்து வைக்க வேண்டும். அத்தையும் கூடப் போகிறார். வீடு நான்கு வாரம் பூட்டிக் கிடக்கும். ஈர விரிப்பை உள்ளே வைத்தால் பூசணம் பிடித்துவிடும். அத்தை அதை வாளியில் அலசிப் பிழிந்து என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு மாமாவின் சட்டைப் பொத்தானுக்குத் திரும்பினார்.

"எங்க போட?" என்றேன்.

"கெழக்கால வெயிலு வருது. அங்க போடு."

போட்டேன். காற்றில் பறக்காமல் இரண்டு கிளிப்பும் மாட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை மேற்குப் பால்கனிக்குப் போனார். வடமுனைப் பக்கம் தண்ணீர் கறுத்து, சின்னச் சின்ன வெள்ளை நுரை எழுந்திருந்தது. "வாடை. சந்தேகமே இல்ல" என்று சொல்லி, அலமாரியிலிருந்து வழக்கமான விரிப்பை எடுத்து மேற்குக் கம்பியில் தொங்கவிட்டார். நான் பெட்டியின் ஜிப்போடு போராடிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் நம்ப முடியவில்லை, ஆனால் தோன்றவில்லை.

பச்சை வண்டியில் மெத்தை போட்டு மாமாவைக் கிடத்தினோம். பக்கத்தில் மடித்த சக்கர நாற்காலி, காலடியில் பெட்டி. மேற்குச் சந்தில் நாற்பத்தொரு படி. அத்தை கீழே நின்று வண்டியைத் தோளில் தாங்க, நான் மேலே நின்று பிடித்து இழுக்க, ஒவ்வொரு படியாக இறக்கினோம். மாமா ஒவ்வொரு படிக்கும் "சரி" என்றார். அது வலியின் சரி.

மேற்குச் சரிவில் குளிர்காலத்தில் பதினோரு பேர்தான் இருப்பார்கள். துறையில் தோமிட்சா பாட்டியும் அவர் தங்கை யாகாவும் மட்டும் நின்றார்கள். பேரனின் பிறந்தநாளுக்குக் கேக் பெட்டியோடு.

"ஆம்பளைங்க எங்கடி?" என்றார் தோமிட்சா.

"வருவாங்க" என்றார் அத்தை. "காபி குடிச்சிட்டு நிப்பானுங்க."

மாமாவை நாற்காலிக்கு மாற்றினோம். மணி எட்டு ஆனது, கப்பல் வருகிற நேரம். சந்தில் யாரும் வரவில்லை. துங்கோவுக்குப் போன் செய்தேன்.

"நாங்க எல்லாம் ரெடி" என்றார். "நீங்கதான் காணோம்."

"எங்க இருக்கீங்க?"

"துறைல."

"நாங்களும் துறைலதான் இருக்கோம். மேக்குத் துறைல."

"விரிப்பு கெழக்குலதான தொங்குது" என்றார் துங்கோ. "இதோ, கண்ணு முன்னாடி தெரியுது."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. போனைப் பிடுங்கி, "ஓடி வாங்க. பேசாம ஓடி வாங்க" என்றார். அப்போதே கப்பல் வடமுனையைத் திரும்பிவிட்டது. எங்கள் பக்கம்தான் வந்தது. அத்தை காற்றைச் சரியாகத்தான் படித்திருந்தார்.

கப்பல் ஒட்டி நின்றதும் பலகை விழுந்தது. அலையில் அது ஒரு முழம் ஏறி இறங்கியது. இரண்டு பணியாளர்கள், ஒருவனால் கயிற்றை விட முடியாது. மற்றவன் இறங்கி வந்து மாமாவைப் பார்த்தான்.

"தூக்க ஆள் இருக்கா?"

"வந்துட்டிருக்காங்க" என்றேன். "பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா? அடுத்த தீவுல பள்ளிக்கூடப் பிள்ளைங்க நிக்குது."

"நீ ஒரு பக்கம் பிடி தம்பி" என்றார் அத்தை. "நான் தலைப்பக்கம், இவ கால்பக்கம்."

"நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்" என்று யாகா கேக் பெட்டியைத் தரையில் வைத்தார். எழுபத்தெட்டு வயது.

தூக்கினோம். நாற்காலி தரையை விட்டு எழுந்தது, பலகையில் இரண்டடி போனது. அங்கே பலகை இறங்கியது. சக்கரம் ஓரத்தில் சிக்கியது. மாமாவின் வலது கால் மிதியிலிருந்து நழுவித் தொங்கியது. அந்தக் கால் ஷூ கழன்று பலகைக்கும் துறைச் சுவருக்கும் நடுவே தண்ணீரில் விழுந்தது. எங்கள் எல்லோர் எடையும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேலே இருந்து கேப்டன் கத்தினார். பணியாளன் நாற்காலியைப் பின்னால் இழுத்துத் துறைக்குக் கொண்டுவந்து விட்டான்.

"முடியாதும்மா. விழுந்தா நசுங்கிப் போவாரு. மன்னிச்சிருங்க."

"சரி" என்றார் மாமா.

பாட்டிகள் இருவரும் ஏறவில்லை. ஏறச் சொல்லியும் ஏறவில்லை. கேக் பெட்டியை மட்டும் பணியாளனிடம் கொடுத்து, ஸாதரில் பேரன் வந்து வாங்கிக்கொள்வான் என்றார்கள். பலகை எழுந்தது. நான் கையைத் தொங்கவிட்டு நின்றேன்.

கப்பல் இருநூறு அடி போயிருக்கும்போது பேப்போ சந்தின் கடைசிப் படிகளில் தடதடவென்று இறங்கினார். பின்னால் துங்கோ, பேக்கரிப் பையன்கள், அதன் பின்னால் பையும் பெட்டியுமாக இருபது பேர். எல்லோருக்கும் கப்பல் போய்விட்டது. ஒருவருக்குக் கோர்ட், ஒருத்திக்குக் கண் டாக்டர். பேப்போ குனிந்து முட்டியைப் பிடித்து மூச்சு வாங்கினார். மற்றவர்கள் மூச்சு வந்ததும் ஆரம்பித்தார்கள்.

"கெழக்குல விரிப்பத் தொங்கவிட்டுட்டு நீ இங்க நிக்கிற?"

"மேக்குலதான் தொங்குச்சு" என்றார் தோமிட்சா. "என் கண்ணால பாத்தேன்."

"எங்க கண்ணு மட்டும் என்ன பொட்டையா? கெழக்குல தொங்குது, போய்ப் பாரு."

"அப்ப ரெண்டு பக்கமும் தொங்குதா?" என்றாள் கண் டாக்டருக்குப் போகிறவள். "என்ன பெரினா இது? ரெண்டு எதுக்கு?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். மாமா நாற்காலியில், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக உட்கார்ந்திருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும், இரண்டாவது விரிப்பு எது என்று.

நான் வாயைத் திறந்தேன். நான்தான் போட்டேன் என்றாவது சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். அத்தையின் விரல்கள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தின.

"எனக்கே சந்தேகமா இருந்திச்சு" என்றார் அத்தை. "எந்தப் பக்கம்னு தெரியல. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு பக்கமும் போட்டேன்."

கோர்ட்டுக்குப் போக வேண்டியவர் சொன்னார்: "தெரியலன்னா போடாமதான இருக்கணும்."

"ஆமா" என்றார் அத்தை. "போடாம இருந்திருக்கணும்."

பேப்போ, "விடுங்கப்பா, அக்கா வீட்டு ஆளுக்கே கப்பல் போயிடுச்சு" என்று அதட்டினார். கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் ஒருவர், "வயசாயிடுச்சு" என்றார். அது காதில் விழும்படிதான் சொன்னார்.

மருத்துவமனைக்கு நான் போன் செய்தேன். அந்தப் பெண்ணின் குரல் அன்பாக இருந்தது. நாளை வரட்டுமா என்றேன். இன்று நண்பகலுக்கு வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம், அவர் பக்கத்திலேயே இருக்கிறார், காரில் வந்துவிடுவார் என்றாள். அடுத்த இடம் பிப்ரவரி மூன்றாவது வாரம். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அத்தை தலையசைத்தார். அவர் இந்தத் தடவை விரல் விட்டு எண்ணவில்லை.

திரும்பும்போது பேப்போவும் பையன்களும் மாமாவோடு வண்டியை அப்படியே தூக்கி நாற்பத்தொரு படியும் ஏற்றினார்கள். வண்டி ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. துங்கோ பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் எவ்வளவு சுலபமாகத் தூக்குகிறார்கள் என்பதைத்தான் என்னால் பார்க்கத் தாங்கவில்லை.

மறுநாள் காலை சன்னலைத் திறந்தபோது எங்கள் வீடுகளுக்குக் கீழே, மேட்டின் உச்சியில், ஒரு கூட்டம் நின்றது. யாரும் மாடியைப் பார்க்கவில்லை. எல்லோரும் கழுத்தை நீட்டி வடமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் மூக்கைக் காட்டியதும் அந்தப் பக்கம் ஓடுவதற்கு. இரண்டு பால்கனியும் காலியாக இருந்தன. அத்தை மாமாவுக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

பேப்போ கூட்டத்தை விட்டு வந்து, சமையலறைச் சன்னலில் தலையை நீட்டினார். கையில் மாமாவுக்கு ஒரு ஜோடி ஷூ. தன்னுடையது, கொஞ்சம் பெரிது.

"பிப்ரவரில நாலு பேரு இல்ல அக்கா, எட்டு பேரா வர்றோம்" என்றார். "கோவில்ல மணியடிக்கிறவன்கிட்டக்கூடப் பேசிட்டேன். எட்டு பேரு. தூக்கி உள்ள வெச்சுட்டுத்தான் எறங்குவோம்."

அத்தை கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். மாமாவின் தாடையைத் துடைத்தார்.

"எந்தத் துறைக்கு?" என்றார்.

பேப்போ கடலைப் பார்த்தார். காற்று அன்றைக்கு இரண்டு பக்கமிருந்தும் அடித்தது. ஷூவைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கூட்டத்தோடு போய் நின்றுகொண்டார்.